ஏப்ரலில் எழும்பாத செடிகள்: குளிர்காலச் சேதத்தை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

ரொறன்ரோவில் ஏப்ரல் நடுப்பகுதியில் தோட்டத்தைச் சுற்றி வந்தால், போன கோடையில் செழித்து நின்ற செடிகளில் இரண்டு மூன்று எழும்பாமல் கிடக்கும். "இந்த முறை குளிர் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் புதுச் செடி வாங்கப் புறப்படுவது வழக்கம். குளிர்மேல் போடும் அந்தப் பழியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இங்கே பல்லாண்டுச் செடி என்று விற்பவற்றில் பெரும்பகுதிக்கு அட்டையில் மண்டலம் (எந்த அளவு குளிர்காலத்தைத் தாங்கும் என்று காட்டும் எண்) 3, 4, 5 என்றுதான் போட்டிருக்கும். எண் குறையக் குறையக் குளிர் தாங்கும் வலு கூடும். நகரம் மண்டலம் 6 அளவில் இருக்கிறது, ஏரிக்கரையோரம் இன்னும் கொஞ்சம் மிதம். ஆகவே அட்டை பார்த்து வாங்கி நிலத்தில் நட்ட செடி வெறும் குளிரால் சாவது அரிது.

அதைக் கொல்பவை வேறு: உறைந்து, உருகி, மறுபடி உறையும் மண், வடியாத ஈரம், மார்ச் மாதத்து வெயிலும் காற்றும், பனிக்கடியில் ஓடித்திரியும் எலி, அப்புறம், இலையுதிர் காலத்தில் கத்தரிக்கோலோடு இறங்கும் நம்முடைய கை. இவற்றில் பலவற்றுக்குப் போர்வையால் ஒரு பயனும் இல்லை. மண்ணின் குளிர் ஏறி இறங்காமல் ஒரே மாதிரி இருக்க வேண்டும், வேர் தண்ணீரில் ஊறக் கூடாது. கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டுக்காகத்தான்.

உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்பிலிருந்து வாசியுங்கள்.

ஒன்றுமே முளைக்கவில்லை

தோண்டி எறிய முன்னர் இரண்டு சோதனை. தண்டு மரம்போல் இருக்கும் செடியென்றால் நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே வந்து சுரண்டிப் பாருங்கள், நுனி செத்து அடி பிழைத்திருப்பது சகஜம். தண்டு முழுக்க மடிந்துபோகும் செடியென்றால் மண்ணை விரலால் விலக்கி, வேரும் தண்டும் சேரும் கழுத்தை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

சில செடிகளுக்குப் பிந்தி எழும்புவதே இயல்பு. ஹொஸ்டா, பலூன் பூ, ரோஸ் ஒஃப் ஷரன் எல்லாம் மே மாதத்தில்தான் கண் திறக்கும். எல்லாவற்றிலும் பிந்தியது குளிர் தாங்கும் செவ்வரத்தை. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூக்குமே, அந்த இனம். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் நிலத்திலிருந்து தண்டு வரும். அதற்குள் பலர் அதைத் தோண்டி எறிந்துவிடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் அதன் காய்ந்த தண்டை 20 செ.மீ. உயரத்துக்கு விட்டு வெட்டினால் இடம் மறக்காது.

ஊரில் வேலியோரம் நின்ற சிவப்புச் செவ்வரத்தை வேறு இனம். பளபளவென்ற கரும்பச்சை இலை இருந்தால் அது வெப்பமண்டலச் செடி. இங்கே நிலத்தில் விட்டுவைத்தால் நவம்பர் தாண்டாது, எந்தப் போர்வையும் காப்பாற்றாது. சாடியில் வைத்து வீட்டுக்குள் எடுக்க வேண்டும்.

செடி மண்ணைவிட்டு மேலே தூக்கி நிற்கிறது, வேர் வெளியே தெரிகிறது

குளிர்காலச் சேதத்தில் அதிகம் நடப்பதும், பார்த்தவுடன் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அணில் தோண்டியது என்பார்கள். அணில் தோண்டினால் பக்கத்தில் குழி இருக்கும், மண் சிதறியிருக்கும். இங்கே மண் அப்படியே இருக்க, செடி மட்டும் உயர்ந்து நிற்கும்.

மேல்மண் உறையும்போது கீழிருக்கும் ஈரம் அந்த உறையும் இடத்தை நோக்கி மேலே இழுபட்டு, படலம் படலமாக ஐஸ் கட்டுகிறது. அந்த ஐஸ் தடிக்கத் தடிக்கச் செடியின் கழுத்தைப் பிடித்து மேலே தள்ளும். உருகும்போது மண் இறங்கிவிடும், செடி முழுதாக இறங்காது. ஜனவரியில் இரண்டு நாள் இளஞ்சூடு வந்து மறுபடி உறைவது ரொறன்ரோவில் வழக்கமான விடயம். ஒவ்வொரு முறையும் செடி இன்னும் கொஞ்சம் மேலே வரும். கடைசியில் வேர் காற்றில் காய்ந்து சாகும். ஒட்டாவாவில் குளிர் இங்கேயைவிடக் கூட, ஆனால் பனிப்போர்வை நிலையாகக் கிடப்பதால் அங்கே மண் இவ்வளவு அலைக்கழியாது.

ஆழமில்லாத நார்வேர் உள்ள ஹியூக்கெரா, ஷாஸ்டா டெய்சி, அப்புறம் ஒக்டோபரில் அவசரமாக நட்ட எதுவானாலும் இதில் முதலில் மாட்டும்.

இப்போது செய்ய வேண்டியது: காலால் மிதித்து இறக்காதீர்கள். அடியில் மண் இன்னும் உறைந்திருந்தால் வேர் அறுந்துவிடும். அப்படியிருந்தால் தெரியும் வேரைக் கொம்போஸ்டால் மூடிவிட்டுப் பொறுத்திருங்கள். மண் முழுக்க இளகியதும் செடியைக் கிளப்பி, சரியான ஆழத்தில் நட்டு, தண்ணீர் ஊற்றுங்கள். ஹியூக்கெரா வருடம் போகப்போகத் தானாகவும் மேலே ஏறும் சாதி, அதைக் கழுத்தளவு ஆழமாக நடலாம்.

அடுத்த இலையுதிர் காலத்தில் முதல் வேலை, நடுவதையும் பிரித்து நடுவதையும் செப்டெம்பரோடு முடிப்பது. மண் உறைய முன்னர் வேர் பிடிக்க ஆறு கிழமையாவது வேண்டும். இரண்டாவது மூடாக்கு, அதாவது மண்ணின்மேல் பரப்பும் இலையும் கிளையும். இதில் நேரம்தான் முக்கியம், பொருள் அல்ல. பலர் ஒக்டோபரில், முதல் உறைபனி கண்டவுடன் இலையைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். அப்போது மண் இன்னும் சூடு. மூடியதால் அந்தச் சூடு தங்கும், செடி அடங்காது, எலிக்கு வீடும் கிடைக்கும். மேல்மண் இரண்டு விரல் ஆழத்துக்கு இறுகும்வரை பொறுங்கள். வழக்கமாக அது நவம்பர் கடைசி, சில வருடம் டிசம்பர். பிறகு 5 முதல் 10 செ.மீ. தடிப்பில் மூடுங்கள். உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருக்கத்தான் இந்த மூடாக்கு.

மேப்பிள் இலையை முழு இலையாகப் போடாதீர்கள், நனைந்து பாய்போல ஒட்டி மூச்சை அடைத்துவிடும். புல்வெட்டும் மெஷினை அதன்மேல் இரண்டு தரம் ஓட்டித் தூளாக்கிப் போட்டால் நல்ல மூடாக்கு. நத்தார் முடிந்து தெருவோரம் வரும் மரங்களின் கிளையை வெட்டிப் பாத்திமேல் பரப்புவது இன்னும் நல்லது. காற்று போகும், பனியையும் பிடித்து வைக்கும். ஏப்ரலில் ஒரேயடியாக இழுத்து எடுக்காமல் ஒன்றிரண்டு கிழமை பிரித்துப் பிரித்து எடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு முறைப்பாடு: "கடையில் வாங்கி நட்ட செவ்வந்தி ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை." தோரணமாகப் பூத்த நிலையில் செப்டெம்பர், ஒக்டோபரில் விற்கும் செவ்வந்தி தன் பலத்தையெல்லாம் பூவில் போட்டுவிட்டது. வேர் பிடிக்க அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. அதை ஒரு பருவத்து அலங்காரமாக எண்ணிக்கொள்ளுங்கள். தங்க வேண்டுமென்றால் வசந்த காலத்தில் வாங்கி நட்டு, பூத்து முடிந்த தண்டை ஏப்ரல் வரை வெட்டாமல் விடுங்கள். அந்தக் காய்ந்த தண்டே பனியையும் இலையையும் பிடித்து அடியைக் காக்கும்.

கழுத்து கொழகொழத்து, நாற்றமடிக்கிறது

இது ஈரத்தால் வந்த அழுகல். லவண்டர், தாடி ஐரிஸ், டெல்ஃபினியம் இவற்றில் அதிகம். லவண்டர் செத்தால் எல்லோரும் குளிர் என்பார்கள். ஆனால் ஆங்கில லவண்டர் மண்டலம் 5 தாங்கும், அது செத்த இடத்தைத் தோண்டினால் பெரும்பாலும் களிமண்தான். நுனியில் முயல் காதுபோல இதழ் நீட்டும் ஸ்பானிய லவண்டர் என்றால் கதை வேறு, அது இங்கே ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது.

வடிகாலைச் சோதிப்பது எளிது. 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மணிக்கு 2, 3 செ.மீ. கூட இறங்காவிட்டால் அந்த இடம் லவண்டருக்கு உதவாது. புதுக் குடியிருப்புகளில் இது சாதாரணம், மேல்மண்ணை வழித்துவிட்டு, கனரக வாகனம் ஓடி இறுகிய அடிமண்மேல் மெல்லிய மண் பரப்பிப் புல் பதித்திருப்பார்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கே கொட்டுகிறது, கார்ப்பாதையில் வழித்த பனியை எங்கே குவிக்கிறீர்கள் என்றும் பாருங்கள். அந்தக் குவியல் மார்ச்சில் உருகும்போது ஒரு குளமே கீழே நிற்கும்.

திருத்தம்: களிமண்ணில் கொஞ்சம் மணல் கலக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், அது இன்னும் இறுகத்தான் செய்யும். 20 செ.மீ. மேடு கட்டி, கொம்போஸ்ட் கலந்து, அதன்மேல் நடுங்கள். மூடாக்குப் போடும்போது கழுத்தைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக விடுங்கள். லவண்டரை இலையுதிர் காலத்தில் ஒட்ட வெட்ட வேண்டாம். வசந்தத்தில் புதுத் துளிர் கண்டபிறகு, இலை உள்ள பகுதிக்குள் நிற்கிற மாதிரி வெட்டுங்கள். இலையில்லாத பழைய மரத்தில் வெட்டினால் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது.

இலை நன்றாக வருகிறது, பூ மட்டும் இல்லை

ஹைட்ராஞ்சியா வைத்திருப்பவர்களின் நித்திய முறைப்பாடு. முதலில் என்ன வகை என்று பாருங்கள். நீலம், இளஞ்சிவப்பு நிறத்தில் உருண்டையாகப் பூத்து, தடித்த பளபளப்பான இலை இருந்தால் அது பெரிய இலை வகை. அதன் பூமொட்டு முந்திய கோடை முடிவிலேயே பழைய தண்டின் நுனியில் உருவாகிவிடும். செடி ஒக்டோபரில் அலங்கோலமாகத் தெரிகிறதென்று வெட்டினால், அடுத்த வருடப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். வெட்டாமல் விட்டும் பூக்கவில்லையென்றால் மொட்டு குளிரில் கருகியிருக்கும், அல்லது மே மாதத்து உறைபனி ஒரு இரவில் முடித்திருக்கும். வேர் பிழைத்திருப்பதால் இலைக்குக் குறைவிருக்காது.

இந்த வகைக்கு மட்டும் போர்வை உண்மையிலேயே உதவும். நவம்பர் கடைசியில் செடியைச் சுற்றி நான்கு கம்பு நட்டு, கோழிவலை சுற்றி, உள்ளே காய்ந்த இலையைத் தண்டின் நுனி மூடும்வரை நிரப்புங்கள். பிளாஸ்டிக் சுற்றாதீர்கள், பெப்ரவரி வெயிலில் உள்ளே சூடேறி இரவில் உறையும். நேர்மையாகச் சொன்னால், இவ்வளவு பாடுபட எனக்கு மனமில்லை. வெள்ளையாகக் கூம்பு வடிவில் பூக்கும் பனிக்குலாட்டா வகையும், அனபெல் வகையும் அந்த வருடம் வரும் புதுத் தண்டில்தான் பூக்கின்றன. மார்ச்சில் எவ்வளவு வெட்டினாலும் ஜூலையில் பூ வரும். 2004 இல் வந்த எண்ட்லெஸ் சமர் ரகம் புதுத் தண்டிலும் பூக்கும் என்றாலும், பழைய தண்டு பிழைத்தால்தான் அதில் பூ நிறையும்.

லைலாக், ஃபோர்சித்தியா பூக்காவிட்டாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: போன இலையுதிர் காலத்தில் வெட்டினீர்களா?

பியோனிக்குக் காரணம் வேறு, ஆழம். அதன் சிவந்த கண்கள் (முளை மொட்டுகள்) மண்ணுக்குக் கீழே 2.5 முதல் 5 செ.மீ. வரைதான் இருக்க வேண்டும். வருடா வருடம் மூடாக்கைக் குவித்துக்கொண்டே போனாலும் ஆழம் கூடிவிடும். செப்டெம்பரில் கிளப்பி உயர்த்தி நடுங்கள். பிறகு ஒன்றிரண்டு வருடம் பொறுமை வேண்டும்.

ரோஜாத் தண்டு கறுத்துவிட்டது, அல்லது வேறு நிறத்தில் பூக்கிறது

தண்டு மேலே கறுத்து, கீழே பச்சையாக இருந்தால் பயமில்லை. ஃபோர்சித்தியா மஞ்சளாகப் பூக்கும் நேரம் வரட்டும், பிறகு பட்டையில் பச்சையும் தண்டின் நடுவில் வெள்ளைச் சோற்றியும் தெரியும்வரை வெட்டிக்கொண்டே இறங்குங்கள். நுனி மட்டும் வருடா வருடம் கருகினால் பசளையைச் சந்தேகியுங்கள். ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு நைதரசன் கொடுத்தால் இளந்தளிர் வரும், அது முற்ற முன்னர் உறைபனி வந்துவிடும்.

மஞ்சள் ரோஜா வாங்கினீர்கள், மூன்றாம் வருடம் கருஞ்சிவப்பாக ஒரே ஒரு தரம் பூத்து ஓய்ந்தது என்றால், மேலே ஒட்டிய ரகம் செத்து, கீழே இருந்த வேர்ச்செடி எழும்பியிருக்கிறது. டொக்டர் ஹியூயி என்ற வேர்ச்செடிக்குத்தான் இந்த நிறம். இனி அது திரும்பாது. ஒட்டு ரோஜாவை நடும்போது ஒட்டு முடிச்சை மண்ணுக்கு மேலே விடும் வழக்கம் சூடான ஊர்களுக்கு உரியது. இங்கே முடிச்சு 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் இருக்கட்டும். நவம்பரில் அடியைச் சுற்றி 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மண்ணோ கொம்போஸ்டோ குவியுங்கள். அந்த மண்ணை வேறிடத்திலிருந்து கொண்டு வாருங்கள், செடிக்குப் பக்கத்திலேயே கிண்டி எடுத்தால் வேர் வெளிப்படும். செடிமேல் வெள்ளை நுரைக் கூம்பு கவிழ்ப்பவர்கள் கூம்பின் மேலே ஒரு துளை போடுங்கள்.

இந்தக் குவிப்பு, மூடல் எல்லாம் அலுப்பென்றால் எக்ஸ்புளோரர் வரிசை ரோஜாக்களைத் தேடுங்கள். கனடா விவசாயத் துறையின் ஆய்வாளர்கள் ஒட்டாவாவில் இந்த நாட்டுக் குளிருக்கென்றே உருவாக்கியவை. ஜோன் கபொட், மார்ட்டின் ஃப்ரோபிஷர் என்று பழைய நாடுகாண் பயணிகளின் பெயர்கள்தான் வைத்திருக்கிறார்கள். சொந்த வேரில் வளர்ந்ததாக வாங்கினால், மேலே செத்தாலும் அடியிலிருந்து அதே பூ வரும்.

பச்சை மாறாத செடி ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகிவிட்டது

பொக்ஸ்வூட், ரொடொடெண்ட்ரன், சீடர் வேலி. பழுப்பு எந்தப் பக்கம் என்பதிலேயே விடை இருக்கிறது. தெற்கு, மேற்குப் பக்கமென்றால் வெயிலும் காற்றும்: மார்ச்சில் இலை நீரை இழக்கிறது, வேரோ உறைந்த மண்ணில் கிடக்கிறது, ஈடுகட்ட வழியில்லை. தெருப்பக்கம் மட்டுமென்றால் உப்பு.

வெயில், காற்றுக்கு: மண் உறையும்வரை, அதாவது நவம்பர் முழுக்க, மழை இல்லாத கிழமைகளில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். சாக்குத் துணியைச் செடியில் ஒட்டாமல் கம்பு நட்டுத் திரைபோல் கட்டுங்கள். உப்புக்கும் இதே திரைதான். ஏப்ரலில் மண் இளகியதும் பலமுறை தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கழுவி இறக்குங்கள். படிக்கட்டுக்கு நீங்களே உப்புப் போடுகிறீர்கள் என்றால், செடியோரம் மணல் போடலாம்.

பழுப்பான கிளையை உடனே வெட்ட வேண்டாம். ஜூன் வரை பாருங்கள்.

கடித்த அடையாளம்

பனி கரைந்ததும் புல்லில் வளைந்து வளைந்து ஓடிய பாதை தெரிந்து, அடியில் பட்டை சுரண்டப்பட்டிருந்தால் வயலெலி. ஹொஸ்டாவைக் கழுத்தோடு தின்றுவிடும். பனி மட்டத்துக்கு மேலே தண்டு கத்தியால் சரிவாக வெட்டியதுபோல் இருந்தால் முயல். பட்டை சுற்றிவர முழுவதும் போயிருந்தால் அதற்கு மேலே உள்ளது பிழைக்காது. இலையுதிர் காலத்தில் 6 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலையை அடியைச் சுற்றி, சில செ.மீ. மண்ணுக்குள் புதைத்து நிறுத்துங்கள். முயலுக்கு வலையின் உயரம் பனி மட்டத்தைத் தாண்ட வேண்டும்.

போன வருட நோய் அப்படியே திரும்பி வந்தது

இலையுதிர் காலத்தில் எதை வெட்டுவது, எதை விடுவது என்பதே இங்கே கேள்வி. பியோனித் தண்டை நிலமட்டத்துக்கு வெட்டி அகற்றுங்கள், கறுப்பாக்கும் பூஞ்சை அதில்தான் தங்கும். தாடி ஐரிஸின் பழைய இலையில் துளைக்கும் புழுவின் முட்டை இருக்கும், அதுவும் போகட்டும். சாம்பல் பூத்த ஃப்ளொக்ஸ், சளிபோல் விழுந்த ஹொஸ்டா இலை, இவையும் கழிவுப் பைக்குத்தான், கொம்போஸ்டுக்கு வேண்டாம். எக்கினேசியா, ருட்பெக்கியா, செடம், அலங்காரப் புற்கள் எல்லாம் வசந்தம் வரை நிற்கட்டும். விதையைக் குருவி தின்னும், பொந்துத் தண்டில் தேனீ தங்கும், உங்களுக்கும் வேலை மிச்சம்.

சாடியில் இருந்தவை மட்டும் செத்துவிட்டன

வேர், தண்டைவிடக் குளிர் தாங்காது. நிலத்தில் அதை மண் காக்கிறது, சாடியில் நாலா பக்கமும் குளிர். அதனால் வெளியே சாடியில் விடுவதென்றால் உங்கள் மண்டலத்தைவிட இரண்டு எண் குறைந்த செடியாக இருக்க வேண்டும், ரொறன்ரோவுக்கு மண்டலம் 4. மற்றவற்றைச் சாடியோடு நிலத்தில் புதைக்கலாம், அல்லது சூடாக்காத கராஜில் வைத்து மாதம் ஒருமுறை சிறிது தண்ணீர் விடலாம். அந்தத் தண்ணீரை மறப்பதால்தான் கராஜில் அதிகம் சாகின்றன. சுட்ட மண் சாடி ஈரத்தோடு வெளியே இருந்தால் வெடிக்கும்.

கறிவேப்பிலை இங்கே எப்போதும் சாடிச் செடிதான். இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்க முன்னர், செப்டெம்பரிலேயே, இலையின் அடிப்பக்கம் கழுவி உள்ளே எடுங்கள். சிலந்திப்பேன் அங்கேதான் ஒளிந்து வரும். டிசம்பரில் இலை கொட்டினால் பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளிச்சம் குறைந்ததால் அது ஓய்வெடுக்கிறது, ஈர வேர் அழுகித்தான் அநேகமானவை சாகின்றன. மேல்மண் காய்ந்தபிறகு மட்டும் கொஞ்சம் விடுங்கள். பசளை மார்ச் வரை வேண்டாம். வெளியே எடுப்பது மே கடைசியில், இரவும் 10 பாகைக்கு மேல் நின்றபிறகு.

கல்வாழையும் டாலியாவும் இங்கே நிலத்தில் தங்காதவை. உறைபனியில் இலை கறுத்ததும் கிழங்கைக் கிளப்பி, மண் உதறி, பெட்டியில் சற்று ஈரமான பீற் பாசியிலோ மரத்தூளிலோ வைத்து 5 முதல் 10 பாகையில் இருட்டில் வையுங்கள். ஜனவரியில் ஒருதரம் திறந்து பாருங்கள். சுருங்கியிருந்தால் தண்ணீர் தெளியுங்கள். கொழகொழத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்து, மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள்.